பேட்டரியிலிருந்து ஒரு சாண்

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தம்பி வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று நீ எழுதியதற்குக்கூடப் பதில் போடவில்லை. அது மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம் வேறு.

இதைக் கீழே வைத்துவிட்டுப் போய் உன் காரின் பானெட்டைத் திற. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் அந்த ஆம்ப்புக்கு ஒரு தடித்த சிவப்பு வயர் போகும். அதைக் கையால் தடவிக்கொண்டே வா. ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் டப்பா தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அந்த வயரைக் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படி. முதலில் மைனஸைக் கழற்று, அப்புறம்தான் பிளஸ். பட்டறை சார் சொன்னது நினைவிருக்கும்.

உனக்கும் எனக்கும் ஆம்ப் மாட்டியது ஒரே கடை, ஒரே பையன், ஒரே வாரம். அதனால்தான் பதறுகிறேன்.

போன மாதம் பெரியவளைக் கல்லூரி விடுதியில் விடுவதற்காகச் சென்னைக்குக் கிளம்பினோம். அத்தையும் உடன் வந்தார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், தீய்ந்த ரப்பர் வாசனை வந்தது. முன்னால் போகும் லாரியின் பிரேக் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். வாசனை இன்னும் கூடியது. டாஷ்போர்டுக்கு அடியில், என் இடது காலுக்குப் பக்கத்திலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு இழை எழும்பியது. ஓரம் கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டேன். அத்தைக்குக் காலைத் தூக்கிக் கீழே வைக்கவே நேரமாகிறது. அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா?

பானெட்டைத் திறந்தால் சிவப்பு வயரின் தோல் பாகு மாதிரி கொதித்துச் சொட்டுகிறது. டாஷ் டப்பாவில் உன் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. ஆமாம், அதே பத்தாம் நம்பர்தான்; மோகன் எடுத்தான் என்று இருபது வருடமாக நீ சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அது. மைனஸ் முனையைக் கழற்றினேன். புகை அடங்கியது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் கார்பெட் பற்றியிருக்கும்.

காரணம் சின்னதுதான். இஞ்சின் பக்கத்துத் தகட்டில் துளை போட்டு வயரை உள்ளே இழுத்திருக்கிறான். துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. ஓடும் வண்டியின் அதிர்வில் எட்டு மாதமாகத் தோலை அறுத்து அறுத்துச் செம்பைத் தொட்டுவிட்டது. தகடு என்றால் பாடி, பாடி என்றால் மைனஸ். நேர் ஷார்ட்.

“ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே சார்” என்றார் கடைக்காரர். உன்னிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்புக்கு. பேட்டரியிலிருந்து டிக்கி வரை வரும் நான்கரை மீட்டர் வயரை யார் காப்பது? கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ச்சும். அந்த வேகத்தில் வயரே ஹீட்டர் கம்பி ஆகிவிடும். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் வயருக்காகத்தான். நான் இப்போது ஒரு சாண் தூரத்திலேயே 30 ஆம்பியர் போட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் முழுவதையும் பிரித்துப் போட்டேன். இரண்டு ஞாயிறு ஓடிவிட்டது. பழைய வயரில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! செம்பு விலைதான் வாங்கினார்கள். புதிதாக 8 கேஜ் தடிமனில் முழுச் செம்பு வாங்கினேன். துளைக்கு ரப்பர் போட்டு, வயர் மேல் நெளிகுழாய் மாட்டித்தான் உள்ளே இழுத்தேன்.

ஆம்ப்பின் மைனஸ் வயரை, அதாவது எர்த்தை, என்ன செய்திருந்தான் தெரியுமா? சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருந்தான், அதுவும் பெயின்ட் மேலேயே. பெல்ட் போல்ட் உயிர் காக்கிற போல்ட், அதைத் தளர்த்தக் கையே வரக்கூடாது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஊய்ய்’ என்று ஏறுமே, நீகூடக் குறைபட்டுக்கொண்டாயே, அது இங்கிருந்துதான் வந்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் வேறு இடத்தில் தகட்டைப் பளபளவென்று சுரண்டி, வயர் முனையில் வளைய லக் வைத்து முறுக்கினேன். ஒன்றரை அடி வயர்தான். ஊளை அன்றோடு நின்றது.

ஸ்டீரியோவையே மாற்றிவிடலாமே என்பாய். ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் கம்பெனி ஸ்டீரியோவோடு பின்னிக் கிடக்கின்றன. அதில் ஆம்ப்புக்கென்று தனி அவுட்புட்டும் இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் எட்டு வயரிலிருந்துதான் சிக்னல் எடுக்க வேண்டும். எட்டையும் வெட்டி, முறுக்கி, வெறும் டேப் சுற்றியிருந்தான். வெயிலில் பசை உருகி டேப் அவிழ்ந்து தொங்கியது. எட்டுக்கும் ஈயம் வைத்து ஸ்லீவ் ஏற்றினேன்.

அப்போதுதான் இந்த அதிசயத்தைப் பார்த்தேன் சேகர், உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்பீக்கர் மைனஸ் என்றால் எர்த் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? ஸ்டீரியோவை ஆன் செய்து, பாட்டு போடாமல், மீட்டரின் ஒரு முனையைப் பாடியில் வைத்து மறுமுனையால் ஸ்பீக்கர் பிளஸ்ஸைத் தொட்டேன்: 6 வோல்ட்டுக்குக் கிட்ட. மைனஸைத் தொட்டேன்: அதே 6. இரண்டுக்கும் நடுவே பூஜ்யம். இரண்டு வயருமே நடு உயரத்தில் நின்றுகொண்டு, பாட்டு வந்ததும் ஒன்று ஏற ஒன்று இறங்குகிறது. 12 வோல்ட்டிலிருந்து கூடுதல் சத்தம் கறக்க இப்படி ஒரு வழி. இந்த மைனஸைப் பாடியோடு சேர்த்தால் ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஐசி சிப்புக்கே ஆபத்து. இன்னொன்று, நான் வைத்திருக்கும் ஆம்ப் இந்த 6 வோல்ட்டைப் பார்த்துத்தான் தானாக விழித்துக்கொள்கிறது. அதை எழுப்ப ரிமோட் வயர் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. அரைமணி நேரம் மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கலா ஓய்ந்துபோனாள்.

50×4, அதாவது நாலு சேனலுக்கும் 50 வாட், என்று எழுதியிருக்கும் ஸ்டீரியோவில் சுத்தமாக வருவது சேனலுக்கு 20 வாட்டுக்குள்தான். 12 வோல்ட்டில் அதற்கு மேல் தாங்காது. ஆம்ப் உள்ளே வோல்டேஜை ஏற்றிக்கொள்வதால்தான் அதில் நிஜ 50 கிடைக்கிறது. ஆம்ப்பின் கெயினையும், அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகையும், காதால் வைக்காதே. 50 வாட்டை ஸ்பீக்கரின் 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடு: 14.1. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, சீரான டோன் ஒன்றைப் போட்டு, ஆம்ப் அவுட்புட்டில் 14.1 ஏசி வோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்பு. அதோடு நிறுத்திவிடு. அந்தப் பையன் கடைசி வரை திருகி வைத்திருந்தான். நம் ஸ்பீக்கர்கள் அத்தனை நாள் கிழிந்து கதறியதற்கு அதுதான் காரணம்.

எல்லாம் முடித்ததும் முதலில் போட்டது உங்கள் ஊர்த் திருவிழாவில் நீ செல்லில் பிடித்து அனுப்பிய மல்லாரி. தவிலில் தொப்பிப் பக்கம் கம்பு விழும் அடி தனியாக, வலந்தலையில் கூடு போட்ட விரல் உருளுவது தனியாகக் கேட்டது. இத்தனை நாள் இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் வந்துகொண்டிருந்தது. நாயனம் ஏறும் இடத்தில் பின்னால் யாரோ ஒரு குழந்தை “அப்பா, தூக்கு” என்கிறது. அது பதிவில் இருந்தது உனக்குத் தெரியுமா? சின்னவள் அந்த இடத்தையே நாலு தடவை போடச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு கரூர் வருகிறேன். வயர், ஃபியூஸ் டப்பா, ரப்பர் எல்லாம் உனக்கும் சேர்த்து வாங்கிவிட்டேன். அதுவரை தம்பி அந்தக் காரை எடுக்க வேண்டாம். ஆம்ப் வயரைக் கழற்றிவிட்டால் எடுக்கலாம். பாட்டு இல்லாமல் ஒரு வாரம் ஓட்டட்டும். தங்கச்சியிடம் சொல், மதியச் சாப்பாடு அங்கேதான்.

பத்தாம் நம்பரை மட்டும் திருப்பிக் கேட்காதே, அது இனி என் வண்டியிலேயே இருக்கட்டும். உனக்குப் புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன்.

பானெட்டைத் திறந்து பார்த்தாயா? எந்த நேரமானாலும் சரி, பார்த்ததும் கூப்பிடு.

உன்
ரவி