செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, போஷகர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

கொழும்பு வெள்ளவத்தையில் நமது ஒழுங்கைவாசிகள் நலன்புரிச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வராதவர்களின் கதவிடுக்கில் பிரதி செருகப்படும்.

நிர்வாகசபை பதினொரு தடவை கூடியது. அவற்றில் நான்கு கூட்டங்கள் போதிய அங்கத்தவர் வராமையால் தேநீரோடு முடிந்தன. தைப்பொங்கல், ஆடிக்கூழ், வாணி விழா வழமைபோல. டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் மூவர் சங்கத்தில் இல்லாத சிங்கள அயலவர்கள்.

இனி, படிக்கட்டில் மறித்துப் பலரும் என்னைக் கேட்ட விடயம்.

1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது இந்த ஒழுங்கையில் நடந்ததை, அன்று இங்கே இருந்தவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதெனச் சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவரை அதன்பிறகு காணவில்லை. எரிந்த வீடுகள் நின்ற இடத்தில் இன்று தொடர்மாடிகள். அன்று விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களில் ஒன்பது பேரே எஞ்சியிருக்கிறார்கள். ஆறு பேர் சொன்னதை எழுதி முடித்தேன். எழுபத்திரண்டு பக்கம், என் கையெழுத்தில்.

கொப்பியின் மட்டையில் என்ன எழுதுவது என்பதிலேயே மூன்று கூட்டங்கள் போயின. நான் பென்சிலால் 'ஆடிக்கலவரம்' என்று எழுதியிருந்தேன். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு பார்த்து எரித்ததற்குக் கலவரம் என்றா பெயர் என்று ஒருவர் எழுந்தார். அவர் கேட்டது நியாயம்; அழித்தேன். 'இனப்படுகொலை' என்றார் இன்னொருவர். உடனே நமது சட்டத்தரணி 1948ஆம் ஆண்டு ஐ.நா. சாசனத்தின் வரைவிலக்கணத்தை விளக்கத் தொடங்கினார். எட்டரை மணியாயிற்று. அடுத்த கூட்டத்தில் இறந்தவர்களின் தொகை. அரசின் கணக்கு நானூறுக்குள், தமிழர் தரப்பில் மூவாயிரம் வரை. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25இலும் 27இலும் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாதாடவில்லை. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது.

2004இல் ஜனாதிபதி சந்திரிகா மன்னிப்புக் கேட்டதையும் சேர்க்கலாமே என்று யாரோ சொல்ல, அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜூலை 28 வரை நாட்டு மக்களோடு பேசவில்லை, பேசியபோதும் தமிழருக்கு ஓர் அனுதாப வார்த்தை இல்லை, அதை முதலில் எழுதும் என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த அங்கத்தவர், "எங்களுக்கும் ஒரு பக்கம் உண்டா?" என்று கேட்டார். ஒழுங்கையில் நடந்ததை மட்டுமே எழுதுகிறோம் என்றேன். தீர்மானத்தின்படி சரியான பதில்தான். அடுத்த மாதம் முதல் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. சந்தா மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

31ஆம் பக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். காலி வீதிப் பக்கம் புகை எழும்பியபோது, நமது மூத்த அங்கத்தவரான அம்மையார் தையல் மெசினின் தலையைக் கழற்றி, மதிலுக்கு மேலால் சிங்கள அயலவரிடம் கொடுத்திருக்கிறார். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிமுகாம், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். இரண்டு வருடம் கழித்துத் திரும்பியபோது, அரிசிச் சாக்குக்குக் கீழே இருந்த மெசின் துருப்பிடிக்காமல், எண்ணெய் போட்டபடி கைக்கு வந்தது. அந்த மனிதர் இன்று இல்லை. பெயரை எழுதத்தான் வேண்டும் என்கிறார் அம்மையார். "மெசினை எழுதுங்கள் அங்கிள், அப்பாவின் பெயர் வேண்டாம்" என்கிறார் அந்த அயலவரின் மகள். காரணம் கேட்டேன், தேநீர் ஊற்றித் தந்தார். பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்ட செய்திகள் பத்திரிகைகளை நிறைத்த ஜூலையில் கதிரைகள் போதவில்லை. ஆகஸ்டில் நான்கு பேர், என்னையும் சேர்த்து. செயலாளர் தன் சொந்த விருப்பத்துக்குச் சங்கத்தைப் பாவிக்கிறார் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. கொப்பியும் பேனையும் போட்டோப் பிரதிச் செலவும் என்னுடையவை, கணக்கறிக்கையில் தேடவேண்டாம்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். சிறு வித்தியாசத்தைப் பொருளாளர் நேரில் விளக்குவார். சந்தா நிலுவை முப்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. இரண்டு வருடமாகக் கட்டாத சிலர்தான் மட்டைப் பெயர் விவாதத்தில் அதிகம் பேசினார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பிலிருந்து அறியலாம்.

தலைவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், கூழ் காய்ச்சிய சகோதரிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்பதவியை வேறொருவர் ஏற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொப்பியை ஒப்படைக்கத் தயார். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவராக இருத்தல் நலம். இன்னும் மூன்று பேரிடம் எழுதவேண்டியிருக்கிறது. ஒருவருக்கு வயது தொண்ணூற்றொன்று, காலையில்தான் நினைவு தெளிவாக இருக்கிறது. மட்டையில் இப்போதைக்கு '1983' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு என் வீட்டில் இருப்பேன். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே கட்டலாம், பற்றுச்சீட்டு தரப்படும்.

செயலாளர்