முரளிக்கு: டேபிள் வாங்குவதற்கு முன்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. சொந்தமாக கிளினிக் தொடங்குகிறாய் என்று படித்ததும் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அம்மா முட்டி வலியோடு வீட்டை ஆண்டுகொண்டிருக்கிறார். எனக்கு இப்போது தோள்பட்டைதான் தகராறு. கால் செய்ய வேண்டிய வேலையையும் கையே செய்தால் தோள் எத்தனை வருஷம் தாங்கும்? வீல்சேரில் இருப்பவர்கள் பலருக்கும் கடைசியில் வந்து சேருகிற வலி இது. நீ கேட்டிருந்த கேள்விக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

‘மாற்றுத்திறனாளிகளுக்கும் வசதியாக இருக்க என்ன கருவி வாங்கலாம்?’ என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பரிசோதனை டேபிளில் இருந்து ஆரம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

உயரம் மாறாத சாதாரணப் பரிசோதனை டேபிள் ஏறக்குறைய 80 செ.மீ. இருக்கும். என் வீல்சேரின் இருக்கை தரையில் இருந்து 48. ஓர் அடிக்கு மேல் எம்ப வேண்டும், அதுவும் இந்தத் தோளை வைத்துக்கொண்டு. முடியாதபோது இரண்டில் ஒன்று நடக்கும். இரண்டு பேர் வந்து, ஒருவர் அக்குளுக்குள் கை கொடுத்து, இன்னொருவர் காலைப் பிடித்துத் தூக்குவார்கள். எனக்கும் ஆபத்து, அவர்கள் இடுப்புக்கும் ஆபத்து. இல்லையென்றால் டாக்டர், ‘பரவாயில்லை, அப்படியே உட்காருங்க, பார்த்துக்கலாம்’ என்பார். கேட்க அன்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பயம்.

ஏனென்று சொல்கிறேன். ஒரு தடவை காய்ச்சல் விடவே இல்லை. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று எல்லாம் எடுத்தார்கள். எல்லாமே நான் நாற்காலியில் இருந்தபடிதான். உட்காரும் எலும்புக்குக் கீழே புண் ஆழமாகப் போயிருந்தது. அந்த இடத்தில் எனக்கு வலி தெரியாது. கடைசியில் அதைக் கண்டுபிடித்தது வீட்டில் என் மனைவி. திறமையான டாக்டர்தான், குறை சொல்லவில்லை. என்னைப் படுக்க வைத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் அவருக்கே தெரிந்திருக்கும். படுக்க வைக்க வழியில்லாத டேபிள் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் உயரம் ஏறி இறங்கும் டேபிள் வாங்கு. ‘ஏறி இறங்கும்’ என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு கீழே இறங்கும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஆக்சஸ் போர்டு என்ற அரசு அமைப்பு 2017இல் இதற்கென்று அளவுகள் வகுத்தது. அப்போது தாழ்ந்த நிலை 17 முதல் 19 அங்குலத்துக்குள் இருக்கலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். 2024இல் அதை 17 அங்குலம் என்றே உறுதி செய்துவிட்டார்கள். 43 செ.மீ. என்று வைத்துக்கொள். மேலே 25 அங்குலம் வரை போக வேண்டும், இடையிலும் குறைந்தது 4 உயரங்களில் நிற்க வேண்டும். அந்த விதி உன்னைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அளவை எடுத்துக்கொள். எந்த நாட்டிலும் வீல்சேர் இருக்கையின் உயரம் பெரிதாக மாறிவிடாது. மெத்தையையும் சேர்த்து நீயே டேப் வைத்து அள. டேபிள் ஃபிரேமின் உயரத்தை மட்டும் எழுதிவிட்டு மெத்தையை மறந்துவிடுகிற கேட்டலாக்குகள் உண்டு.

டேபிளைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடாதே. பக்கவாதத்தில் ஒருவருக்கு வலப்பக்கம் போயிருக்கும், இன்னொருவருக்கு இடப்பக்கம். நல்ல கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக ஏறுவதுதான் அவருக்குச் சுலபம். வீல்சேர் ஒரு வட்டம் அடிக்க 5 அடி இடம் வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கட்டும், ஆனால் ஏறும்போது குறுக்கே நிற்காமல் மடங்க வேண்டும். சுத்தமாக நகரவே முடியாதவரைத் தூக்கி மாற்றும் சக்கரம் வைத்த லிஃப்ட் கருவி வாங்குவாயானால், அதன் கால்கள் டேபிளுக்கு அடியில் நுழையுமா என்று முதலிலேயே பார். அடிப்பக்கம் பெட்டிபோல் அடைத்திருக்கும் டேபிளில் லிஃப்ட் பக்கத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது எடை மெஷின். என் எடையை எத்தனை டாக்டர்கள் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்பாய். மருந்தின் அளவையும் மயக்க மருந்தின் அளவையும் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறீர்கள்! வீல்சேரோடு ஏறுகிற மாதிரி சரிவு வைத்த அகலமான தட்டு போதும். முதலில் சேரோடு ஓர் எடை, பிறகு வெறும் சேரின் எடை, கழித்தால் முடிந்தது. சேரின் எடையை ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், சேர் மாறாதவரை அடுத்த தடவை அந்த வேலையும் மிச்சம். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று கேட்டு வாங்கு. மோட்டார் வைத்த பவர் வீல்சேர் மட்டுமே 100 கிலோவைத் தாண்டலாம், மேலே ஆளும் இருப்பார். 300 கிலோ தாங்குவது நல்லது.

பிரஷர் பார்க்கும் பட்டையில் பல அளவு வைத்துக்கொள். கை பெருத்தவருக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும் என்பது உனக்குத் தெரியாததில்லை. சர்க்கரை பார்க்கும் கருவியை வீட்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது, பார்வையில்லாதவருக்குப் பேசும் கருவி உண்டு என்பது நினைவிருக்கட்டும். டச் ஸ்கிரீன் மட்டும் உள்ளதைக் கொடுத்தால் அவர் தடவிப் பார்க்க அதில் ஒன்றுமே இருக்காது. எக்ஸ்ரே வைக்கப் போகிறாய் என்றால், ‘மூச்சைப் பிடியுங்க’ என்று அடுத்த அறையில் இருந்து சொல்வது காது கேளாதவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? மூச்சைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் எரிகிற ஒரு விளக்குப் போதும்.

வாங்கிய பிறகு கெடுவதுதான் அதிகம், முரளி. சரிவு வைத்த எடை மெஷின் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். டேபிளின் ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் உன் கிளினிக்கில் வேலை செய்கிற எல்லோருக்கும் இயக்கக் கற்றுக்கொடு, சும்மா காட்டிவிட்டு விட்டுவிடாதே. அப்பாயின்ட்மென்ட் கேட்டு போன் வரும்போதே, ‘டேபிளில் ஏற உதவி வேண்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல். அந்த அறையை ஒதுக்கி வைக்கலாம், கூடுதல் நேரமும் கொடுக்கலாம்.

விலை கூடத்தான் இருக்கும். ஆனால் இந்த டேபிள் எனக்கு மட்டும் இல்லை. நிறைமாத கர்ப்பிணி, இடுப்பு ஆபரேஷன் ஆனவர், என் அம்மா மாதிரி முட்டிக்காரர் எல்லோரும் அதில்தான் ஏறப் போகிறார்கள். பணம் இடித்தால் அலங்கார விளக்கைக் குறை.

கையெழுத்துப் போடும் முன் டெமோ கேள். விற்பவர் தானே ஏறிக் காட்டுவார், அதை நம்பாதே; அவருக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கும். தேதி சொல், நான் வருகிறேன். தோள் வலியோடு நான் ஏறி இறங்க முடிந்தால் வாங்கு. கேட்டலாக் பக்கங்களை முன்னாடியே அனுப்பி வை, மெத்தையின் கனம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்