சூப்பர்மேன் அப்போது பறக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூப்பர்மேன் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், 1938-லேயே அவன் வானில் பறந்ததாகவும், தன் பலத்தைப் பறிக்கும் கிரிப்டனைட் என்ற கல்லுக்கு அஞ்சியதாகவும், ‘டெய்லி பிளானட்’ நிருபராக இருந்ததாகவும் உள்ளது. மூன்றுமே பிற்காலச் சேர்க்கைகள். ஜூன் 1938 தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவன் எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர், தாவுவான், அவ்வளவுதான். எறும்பையும் வெட்டுக்கிளியையும் காட்டி அந்தப் பலத்துக்கு விளக்கம் வேறு உண்டு! அடுத்து வந்த கதைகளில் அவன் வேலை பார்த்தது ‘டெய்லி ஸ்டார்’ நாளிதழில். கிரிப்டனைட் 1943-ல் வானொலித் தொடரில் பிறந்து, காமிக்ஸுக்கு வர 1949 ஆகிவிட்டது.

பழைய கதைகளைத் தேடிப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 13 பக்க முதல் கதை, கட்டிப்போட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவன் நள்ளிரவில் கவர்னர் வீட்டுக்கு ஓடுவதில் தொடங்குகிறது. யார் அவள், ஏன் ஓடுகிறான்? புரியாது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் நாளிதழ்களுக்கென்று பட்டைப் பட்டையாகத் தயாரித்த தொடரை வெட்டி, காமிக்ஸ் பக்க அளவுக்கு ஒட்டியபோது தொடக்கப் பகுதி விடுபட்டுப்போனது. அந்தப் பக்கங்கள் 1939 கோடையில் வந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழில் உள்ளன: சிறையை முற்றுகையிடும் கும்பல், அந்தப் பெண்தான் உண்மைக் கொலைகாரியான பாடகி என்பது, எல்லாம் அங்கேதான். எனவே இந்த இதழை முதலில் படியுங்கள். ‘ஆக்‌ஷன்’ முதல் நான்கு இதழ்களின் கதைகளும் இதிலேயே சேர்ந்துவிடுகின்றன.

அதன்பின் ‘ஆக்‌ஷன்’ 8, 12-ஆம் இதழ்களுக்குப் போகலாம். எட்டில், அரசு புது வீடு கட்டித் தரட்டும் என்று சேரிக் கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறான். பன்னிரண்டில், மட்டமான உலோகத்தில் கார் செய்யும் தொழிற்சாலையை நொறுக்குகிறான். பரம எதிரியான லூதர் 1940-ல்தான் வருகிறான்; தொடக்கத்தில் சூப்பர்மேன் மோதியது ஆயுத வியாபாரி, சுரங்க முதலாளி, மனைவியை அடிப்பவன் ஆகியோருடன். என் கணக்கில் இந்தக் கோபக்கார சூப்பர்மேனே சுவையானவன். அட்டையை மட்டும் பார்த்து இதழ்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: 2 முதல் 6 வரை அட்டையில் அவன் இல்லை, உள்ளே இருக்கிறான்.

‘ஆக்‌ஷன் காமிக்ஸின் அசல் முதல் இதழ்’ என்று யாராவது நீட்டினால், முதலில் அளவு நாடாவை எடுங்கள். அசலின் அகலம் 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 1974-ல் வந்த பெரிய மறுபதிப்பு சுமார் 10 அங்குல அகலம், 13 அங்குலத்துக்கு மேல் உயரம். அதன் வெளி அட்டையைக் கழற்றிவிட்டால், உள்ளே 1938 அட்டை 10 சென்ட் விலையோடு அப்படியே இருக்கும். இதைக் காட்டி ஏமாற்றியவர்கள் ஏராளம்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர், மதுரை