அரிய நோய் மருந்து: முடிவுக்குக் கெடு வேண்டும்

ஆசிரியருக்கு,

அரிய நோய் மருந்துகளுக்கு அரசுக் காப்பீடு மறுக்கப்படுவது குறித்த தலையங்கம் படித்தேன். விலை பெரிய சிக்கல்தான். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கான ஸோல்ஜென்ஸ்மா என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு டோஸ் சுமார் 21 லட்சம் டாலர். சரி, ஆராய்ந்துதான் பணம் தர வேண்டும். அதற்கு ஒரு கெடு வேண்டாமா? இந்த நோயில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிகின்றன; அழிந்தவை திரும்ப வருவதில்லை. இதே நோயுள்ள என் அக்கா மகனுக்கு வேறொரு மருந்து கேட்டபோது, ‘கூடுதல் சான்று தேவை’ என்று மூன்று முறை கோப்பு திரும்பி வந்தது. முதலில் விண்ணப்பித்த நாளில் தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டவன், ஒப்புதல் வந்த நாளில் கையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தான்.

30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறினால் முதலில் மருந்தைத் தொடங்கட்டும், அப்புறம் பரிசீலிக்கட்டும்.