கிராஸ்மேட்ச் முடிவு வரும்வரை

உசிலம்பட்டி

அன்புள்ள மாப்ள பாண்டிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாச்சு. தங்கச்சிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று படித்ததும் வேலை எதுவும் ஓடவில்லை. நீயே ஒன்றைக் கொடுக்க முன்வந்தது மனசுக்கு நிறைவு. ஆனால், "ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ், பிரச்சினையே இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் உடனே எழுதுகிறேன்.

எங்க அக்காவும் மச்சானும் ஒரே ரத்த வகைதான். அக்காவுக்குக் கிட்னி கொடுக்க மச்சான் எல்லாச் சோதனையும் முடித்துவிட்டார். கடைசியில் கிராஸ்மேட்ச் என்று ஒன்று. அக்காவின் சீரத்தை, அதாவது ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் தெளிநீரை, மச்சானின் வெள்ளையணுக்களோடு கலந்து பார்த்தார்கள். அணுக்கள் செத்துப்போயின. "பாசிட்டிவ்" என்று சொன்னதும் மச்சான் நல்ல சேதி என்று நினைத்துச் சிரித்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

காரணம், அக்கா பெற்ற மூன்று பிள்ளைகள். ரத்த வகையைத் தவிர, எச்.எல்.ஏ. என்று ஒரு அடையாளம் நம் அணுக்களின் மேல் இருக்கிறது. பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருவது. வயிற்றில் இருந்த பிள்ளையிடம் மச்சானின் பாதி இருந்தது. அதை அந்நியம் என்று கண்டு அக்காவின் உடம்பு ஆன்டிபாடி, அதாவது அதைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள், செய்து வைத்துக்கொண்டது. கடைசிப் பையனுக்கு 24 வயது. உடம்பு இன்னும் மறக்கவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் இப்படி ஆவதில்லை. ரத்தம் ஏற்றினாலும், கரு கலைந்திருந்தாலும்கூட ஆன்டிபாடி உருவாகலாம். தங்கச்சிக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் ஏற்றியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்.

மச்சான் கெஞ்சினார், "பரவாயில்லை, வச்சுப் பாருங்க" என்று. வைத்தால் ஆன்டிபாடி புதுக் கிட்னியின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, ரத்தம் உறைந்து, ஆபரேஷன் மேசையிலேயே கிட்னி கறுத்துவிடக்கூடும். 1969-இல் அமெரிக்காவில் படேல், டெராசாகி என்ற இருவர் கணக்கெடுத்தார்கள்: பாசிட்டிவாக இருந்தும் வைத்த 30 பேரில் 24 பேருக்கு உடனடியாகத் தோற்றது, நெகட்டிவ் 195 பேரில் 8 பேருக்குத்தான். கட்டாயம் பார்க்கிற சோதனையாக இது ஆனதற்கு அந்தக் கணக்கே காரணம்.

பிறகு எனக்குப் பார்த்தார்கள். பாதிப் பொருத்தம், கிராஸ்மேட்ச் நெகட்டிவ். கொடுத்தேன். உனக்குப் பாசிட்டிவ் வந்தாலும் இடிந்து போகாதே. இதே சிக்கலில் இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ள உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இடம் தருகிறது. ஆன்டிபாடியைக் குறைத்துவிட்டு வைக்கிற முறையும் உண்டு, செலவு அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷம் அக்கா மாத்திரையில் அசட்டையாகிவிட்டாள். "நல்லாத்தான்டா இருக்கேன்" என்று புதுக் கிட்னியை உடம்பு தாக்காமல் தடுக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரையை ராத்திரியில் பல நாள் விட்டிருக்கிறாள். உடம்பில் ஒரு வலிகூட இல்லை. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் 1.1-இலிருந்து 2.3 ஆக ஏறியிருந்தது. கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸியில், நான் கொடுத்த கிட்னிக்கு எதிராகப் புதிய ஆன்டிபாடி வேலை செய்வது தெரிந்தது. அந்த ஆன்டிபாடியை வெளியேற்ற, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஐந்து தடவை மாற்றினார்கள், ஐ.வி.ஐ.ஜி. என்கிற, மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்தை ஏற்றினார்கள். 1.7-இல் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்னும் முழுசாக இறக்கி வைக்க முடியவில்லை, மாப்ள. இப்போது காலை எட்டு, ராத்திரி எட்டு, மச்சான் போனில் அலாரம் அடிக்கிறது. அவள் விழுங்குகிறவரை தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நிற்கிறார்.

கிராஸ்மேட்சுக்குத் தேதி வைத்ததும் சொல். மாட்டுத்தாவணியில் வந்து நிற்கிறேன். ரிசல்ட் வாங்க நீ தனியாகப் போக வேண்டாம்.

அன்புடன்,
சேகர்