அன்றே எச்சரித்த தூதர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் பிரிட்டிஷ் தூதர் சர் ஹொரேஸ் ரம்போல்டின் பெயர் இல்லாதது வருத்தமாக இருந்தது. பரம்பரைப் பட்டமுள்ள குடும்பம், தந்தையும் தூதர். முன்னோரான தாமஸ் ரம்போல்ட் 1778 முதல் 1780 வரை நம் மதராஸின் கவர்னராகவே இருந்தவர்!

1923இல் துருக்கியுடனான லொசான் அமைதி உடன்படிக்கையில் பிரிட்டன் சார்பில் ஹொரேஸ்தான் கையெழுத்திட்டார். அப்புறம் மாட்ரிட்டில் தூதர், 1928இல் பெர்லினில் தூதர். ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்றே மாதத்தில், 1933 ஏப்ரல் 26 அன்று, லண்டனுக்கு நீண்ட அறிக்கை அனுப்பினார். ஹிட்லர் ‘மெயின் காம்ஃப்’ என்ற தன் நூலில் எழுதியதை வெறும் பேச்சென்று தள்ளிவிடக் கூடாது, ஜெர்மனி பலம் பெறும்வரை சமாதானம் பேசி மற்ற நாடுகளை ஏமாந்திருக்கச் செய்வார் என்று அதில் எச்சரித்தார். அதே ஆண்டு ஓய்வும் பெற்றுவிட்டார். பின்னர் 1937இல் பெர்லினுக்குத் தூதராகப் போன நெவில் ஹெண்டர்சனோ ஹிட்லரைச் சமாதானப்படுத்திவிடலாம் என்றே நம்பினார். ரம்போல்ட் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை