மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. போன வாரம் குட்டிக்குக் காய்ச்சல் கண்டு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தாய் என்பது உன் நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. காய்ச்சல் முழுதும் விட்டதா, கண்ணில் மஞ்சள் இல்லையே, மலம் நிறத்தோடு போகிறதா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் நாளம் அடைந்துபோனதால் கசாய் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு வருவது சாதாரணக் காய்ச்சல் அல்ல என்று அன்று டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நமக்கெல்லாம் பித்தநாளத்தின் முனையில் ஒரு சுருக்குத் தசை இருந்து, குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மேலே ஏறாதபடி காக்கிறது. இறங்கி வரும் பித்தமும் அவற்றைக் கழுவித் தள்ளுகிறது. அடைந்துபோன நாளத்தை எடுத்துவிட்டுக் குடலையே ஈரலோடு தைத்திருப்பதால் நம் குட்டிக்கு அந்தக் கதவு இல்லை. குடலில் இருக்கும்வரை சும்மா இருக்கும் ஈ.கோலை, க்ளெப்சியெல்லா போன்றவை ஈரலுக்குள் ஏறிவிட்டால் பித்தக்குழாய்கள் அழன்று, ஒவ்வொரு தடவையும் ஈரலில் தழும்பு கூடுகிறது. 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே கிளம்பு. நல்ல பாக்டீரியா என்று கடையில் விற்கும் பொடியை யார் வாங்கித் தந்தாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே. மறுபடியும் சொல்கிறேன், காத்திருக்காதே. மாப்பிள்ளை ஊரில் இல்லாத அந்த இரவில் இரண்டு மணிக்கு நீயே ஆட்டோ பிடித்துப் போனாயாம். கேட்டு நெஞ்சு நிறைந்தது. எனக்கு ஒரு போன் செய்யத் தோன்றவில்லையே என்று வலிக்கவும் செய்தது.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். குட்டி பிறந்த முப்பதாம் நாள் நீ துணியை விரித்துக் காட்டியபோது, மலம் அரைத்த பச்சரிசி மாவைப் போல வெளுத்திருந்தது. குடலில் இறங்கும் பித்தத்தைப் பாக்டீரியாக்கள் மாற்றுவதால்தான் மலத்துக்குப் பழுப்பு நிறம் வருகிறது என்பதும், வெளுத்தால் பித்தமே இறங்கவில்லை என்பதும் அன்று நான் அறியாதவை. அறியாததை அறியேன் என்று சொல்லாமல், பால்குடிப் பிள்ளைக்கு அப்படித்தான் போகும், காலை வெயிலில் காட்டு என்றேன். டாக்டரிடம் போகலாம் என்று நீ இரண்டு முறை கேட்டாய். 60 நாளுக்குள் செய்திருக்க வேண்டிய ஆபரேஷன் 83ஆம் நாள் நடந்தது. அந்த நாட்களை வீணாக்கியவள் நான். நீயும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை; கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

இனி நான் அபிப்பிராயம் எதுவும் சொல்ல மாட்டேன். துணி அலசவாவது வரட்டுமா?

உன் அம்மா